தொழில் வழியும் எழுத்து வழியும்: வத்தலக்குண்டு பி.எஸ்.ராமையாவின் வாழ்வை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

தமிழ் எழுத்தாளர் பலரின் வாழ்க்கை வரலாறுகளில், அவர்கள் எழுத்துக்கு வருமுன் செய்த சிறு தொழில்கள் ஒரு பட்டியலாகவே இடம்பெறுகின்றன. அப்பட்டியல் வறுமைக்குச் சான்றாகக் கொள்ளப்படுகிறதே அன்றி, எழுத்தோடு பொருத்திப் படிக்கப்படுவதில்லை. மணிக்கொடி இதழைச் சிறுகதை ஏடாக நடத்திய பி.எஸ்.ராமையாவின் (1905-1983) வாழ்வை எடுத்துக்கொண்டு, அவர் கடந்துவந்த தொழில்கள் அவருடைய இதழியல் பணியிலும் நாடகங்களிலும் எவ்வாறு தொடர்கின்றன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. எழுத்தாளரான பின்னும் அவருடைய தொழில் மாற்றங்கள் நிற்கவில்லை என்பதும், அவரை மதிப்பிடுவோர் இதனைக் கணக்கில் கொள்ளவேண்டும் என்பதும் இதன் முடிபுகளாகும்.

திறவுச்சொற்கள்: பி.எஸ்.ராமையா, மணிக்கொடி, வத்தலக்குண்டு, சிறுகதை, தொழில் வரலாறு, நாடகம்.

முன்னுரை

எழுத்தாளர் ஒருவர் உணவகத்தில் பணிபுரிந்தார், கடையில் நின்றார், சிறை சென்றார், பிறகு எழுத்தாளர் ஆனார் என்று எழுதுவது வாழ்க்கை வரலாற்று நூல்களின் நெடுநாளைய வழக்கம். இவ்வமைப்பில் மூன்று குறைகள் உள்ளன. முதலாவது, தொழில்கள் ஒவ்வொன்றும் பெயரளவில் சுட்டப்படுகின்றன. அத்தொழில் எத்தகைய அறிவைத் தந்தது என்ற வினா எழுவதில்லை. இரண்டாவது, அவை எழுத்துக்குத் தடையாக நின்றவை என்ற முன்முடிவு இயங்குகிறது. மூன்றாவது, முதல் கதை அச்சேறிய நாளோடு அலைச்சல் முடிந்துவிட்டதாகக் கதை நிறைவுறுகிறது. மூன்றாவது குறையே பெரிது. எழுத்தை மட்டும் நம்பி வாழும் வாய்ப்பு 1930களின் தமிழ்நாட்டில் மிகச் சிலருக்கே இருந்தது. எனவே ‘எழுத்தாளர் ஆதல்’ என்பதை ஒரு தொழிலை வந்தடைதல் என்று கொள்வதற்கில்லை.

இக்குறைகளைச் சோதித்துப் பார்க்க ராமையாவின் வாழ்வு மிகவும் பொருந்துவது. உயர்கல்வி பெறாத ஒருவர், பட்டதாரிகள் நிறைந்த ஓர் இலக்கியக் குழுவின் ஏட்டுக்கு ஆசிரியரானார். அதன்பின் திரைப்படத்துக்கும் நாடக மேடைக்கும் சென்றார். முதுமையில் தம் குழுவின் வரலாற்றைத் தாமே எழுதினார். இப்பாதையின் ஒவ்வொரு திருப்பத்திலும் தொழிலும் எழுத்தும் ஒன்றையொன்று பாதித்துள்ளன.

வத்தலக்குண்டும் அதன் எழுத்து மரபும்

மேற்கே தொப்பம்பட்டி, பழனி, கிழக்கே நத்தம், தெற்கே நிலக்கோட்டை, வத்தலக்குண்டு எனப் பரந்துள்ள இன்றைய திண்டுக்கல் மாவட்டம் 1985-இல் மதுரை மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. ராமையா பிறந்த காலத்தில் இப்பகுதி முழுவதும் மதுரை மாவட்டத்தைச் சேர்ந்ததே. கொடைக்கானல் மலையடிவாரத்தில், மலைக்குச் செல்லும் வழியில் அமைந்த வத்தலக்குண்டு, மதுரை, திண்டுக்கல், பெரியகுளம் ஆகிய ஊர்ச் சாலைகள் கூடும் இடமாகும்.

தமிழ் உரைநடை வரலாற்றில் இச்சிற்றூர் மூன்று முறை இடம்பெறுகிறது. ‘கமலாம்பாள் சரித்திரம்’ எழுதிய பி.ஆர்.ராஜம் அய்யர் (1872-1898) இவ்வூரினர். ராமையா இரண்டாமவர். ‘எழுத்து’ இதழை 1959-இல் தொடங்கிய சி.சு.செல்லப்பா (1912-1998) மூன்றாமவர். பெயரின் முன் நிற்கும் ‘பி’ என்ற எழுத்து, ஆங்கில வழக்கில் ‘பத்லகுண்டு’ என வழங்கிய ஊர்ப்பெயரின் முதலெழுத்தே.

மூவரும் ஓரூரினர் எனினும் மூவர் எழுத்துக்கு வந்த வழியும் வேறுவேறு. ராஜம் அய்யர் சென்னையில் பட்டம் பெற்று, 1896-இல் ‘பிரபுத்த பாரத’ ஆங்கில இதழின் ஆசிரியரானவர். கல்லூரியே அவருடைய வாயில். செல்லப்பா மதுரையில் கல்லூரிக் கல்வி பெற்றவர். ராமையாவுக்கோ பள்ளிப் படிப்பே இடையில் நின்றது. ஒரே ஊர், ஒரே சமூகச் சூழல் என்ற போதிலும் குடும்பத்தின் பொருள்நிலை ஒருவரைக் கல்லூரிக்கும் மற்றொருவரை வேலை தேடியும் அனுப்பியது.

உணவகமும் துணிக்கடையும்

1905 மார்ச் 24-இல் பிறந்த ராமையா, இளமையில் ஊரைவிட்டு நீங்கிச் சென்னை முதலிய இடங்களில் பிழைப்புத் தேடினார். உணவகத்தில் பரிமாறுபவராகவும் துணிக்கடையில் விற்பனையாளராகவும் பணிபுரிந்தார்.

இத்தொழில்களின் சமூகப் பின்னணி கருதத்தக்கது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னையிலும் பிற நகரங்களிலும் பெருகிய ‘பிராமணாள் காபி கிளப்’ வகை உணவகங்களில் சமைப்பதும் பரிமாறுவதும் பெரும்பாலும் பிராமணர் வசமே இருந்தன. கிராமத்திலிருந்து படிப்பின்றி வரும் ஏழைப் பிராமண இளைஞனுக்கு, உறைவிடமும் உணவும் தந்து வேலையும் தரும் இடமாக அவை விளங்கின. ஆகவே ராமையாவின் வறுமை உண்மையானது என்பதோடு, அவ்வறுமைக்குள்ளும் அவருக்குத் திறந்திருந்த வாயில் வேறு பலருக்கு அடைத்திருந்தது என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். சாதியின் இயக்கத்தை மறைத்துவிட்டுத் தொழில் அலைச்சலைத் தனிமனித விடாமுயற்சியாக மட்டும் காட்டும் வரலாறு அரைகுறையானதே.

உணவகமும் துணிக்கடையும் முன்பின் அறியாதவர்களோடு நாள்தோறும் பேசவேண்டிய இடங்கள். இலையின் முன் அமர்ந்தவரின் தேவையைக் குறிப்பறிந்து செய்வதும், துணியைப் பிரித்துக் காட்டி, விலை சொல்லி, வாங்குவோரின் தயக்கத்தைப் போக்குவதும் பேச்சாலும் கவனத்தாலும் நடைபெறும் வேலைகள். வாசகர் தம் ஏட்டை வாங்கினால்தான் அடுத்த ஏடு வெளிவரும் என்ற நிலையில் பின்னாளில் இயங்கிய ஆசிரியருக்கு இது வீண்போன பயிற்சியன்று.

சிறை: கல்லூரி தராத நட்பு

ராமையாவின் பாதையில் தீர்மானமான திருப்பம் 1930-இல் நிகழ்ந்த உப்புச் சத்தியாக்கிரகம். அதில் பங்கேற்றுச் சிறை சென்ற அவர், தொடர்ந்து தேசிய இயக்கப் பணிகளில் ஈடுபட்டார்.

தமிழ் இலக்கிய வரலாற்றில் சிறையின் பங்கு தனித்துப் பேசத்தக்கது. 1930களின் சத்தியாக்கிரகச் சிறைகளில் வழக்கறிஞரும் பத்திரிகையாளரும் மாணவரும் கடைச் சிப்பந்தியும் ஒரே கூரையின்கீழ் பல மாதங்கள் வாழ்ந்தனர். வெளியில் எளிதில் சந்தித்துப் பழக வாய்ப்பற்றவர்கள் அங்கே நண்பராயினர், நூல்கள் கைமாறின, விவாதங்கள் நடந்தன. கல்லூரிப் பட்டம் பெற்றவர்க்கு இயல்பாக வாய்க்கும் அறிவாளர் தொடர்பு, ராமையா போன்றோர்க்குத் தேசிய இயக்கத்தின் வழியாகவே வாய்த்தது. உணவகத்திலிருந்து பத்திரிகை அலுவலகத்துக்கு நேரான வழி கிடையாது. அவ்விரண்டையும் இணைத்த பாலம் இயக்கமே எனலாம்.

1930களின் தொடக்கத்தில் ‘ஆனந்த விகடன்’ நடத்திய சிறுகதைப் போட்டிக்கு அவர் எழுதிய ‘மலரும் மணமும்’ அவரைக் கதாசிரியராக அறிமுகப்படுத்தியது. போட்டி என்பதையும் இங்கே கவனிக்கவேண்டும். பரிந்துரையோ பட்டமோ இல்லாத ஒருவர் அச்சுலகில் நுழைய அன்று இருந்த பொதுவாயில் பத்திரிகைப் போட்டிகளே.

மணிக்கொடி: ஆசிரியப் பணி என்னும் உழைப்பு

கு.சீனிவாசன், வ.ரா., டி.எஸ்.சொக்கலிங்கம் ஆகிய மூவரின் முயற்சியால் 1933 செப்டம்பரில் வார ஏடாகத் தோன்றிய ‘மணிக்கொடி’, அரசியலையும் இலக்கியத்தையும் ஒருங்கே தாங்கி வந்தது. நிறுவியவர்கள் வெவ்வேறு திசையில் பிரிந்தபின் அது நின்றுபோயிற்று. 1935-இல் ராமையாவை ஆசிரியராகக் கொண்டு, மாதம் இருமுறை வெளிவரும் சிறுகதை ஏடாக அது மறுபிறப்பு எடுத்தது. 1938 தொடக்கம் வரை அவர் அதனை நடத்தினார்.

இக்குறுகிய காலத்தில் அவ்வேட்டில் எழுதியோரின் கல்வி, தொழில் நிலைகளைத் தொகுத்துப் பார்த்தால் ராமையாவின் இடம் தெளிவாகும். புதுமைப்பித்தன் நெல்லை இந்துக் கல்லூரிப் பட்டதாரி. ந.பிச்சமூர்த்தி வழக்கறிஞர். கு.ப.ராஜகோபாலன் பட்டம் பெற்று மேலூரில் அரசுப் பணியில் இருந்தவர். கண்நோயால் அதனைத் துறந்தவர். மௌனி கணிதம் பயின்றவர். க.நா.சுப்ரமண்யம் அண்ணாமலைப் பல்கலைக்கழகப் பட்டதாரி. இவர்களுடைய கதைகளைத் தேர்ந்து, வரிசைப்படுத்தி, அச்சேற்றி, விற்பனைக்கு அனுப்பும் இடத்தில் இருந்தவரோ பள்ளிப் படிப்பை முடிக்காதவர். ஐரோப்பியச் சிறுகதை மரபை ஆங்கில வழியாக அறிந்திருந்த எழுத்தாளர்கள், தம் ஆக்கங்களின் தகுதியை அவருடைய தீர்ப்புக்கு விட்டனர் என்பது அக்குழுவின் இயல்பையும் அவருடைய ஆளுமையையும் ஒருங்கே காட்டும்.

எஸ்.மணி என்ற இயற்பெயர் கொண்டவருக்கு ‘மௌனி’ என்னும் புனைபெயரைச் சூட்டியவர் ராமையாவே. 1936-இல் அவர் கதைகள் மணிக்கொடியில் வெளிவரத் தொடங்கின. பதினாறு வயதே நிரம்பிய எம்.வி.வெங்கட்ராமின் முதற்கதையை ஏற்று அவ்வாண்டிலேயே வெளியிட்டவரும் அவரே. இரு நிகழ்ச்சிகளும் ஆசிரியரின் ஒரே பண்பைச் சுட்டுகின்றன. எழுதியவரின் வயதையோ முன்புகழையோ பாராமல், கையில் உள்ள கதையைக் கொண்டே முடிவு செய்யும் துணிவு அது. தாமும் எந்தச் சான்றிதழும் இன்றி ஒரு போட்டியின் வழியே உள்ளே வந்தவர் என்பதை இத்துணிவோடு பொருத்திப் பார்ப்பதில் தவறில்லை.

சிற்றிதழ் ஆசிரியர் என்ற சொல் இன்று இலக்கியத் தீர்ப்பாளர் என்னும் பொருளையே முன்னிறுத்துகிறது. அன்றைய நடைமுறையில் அப்பணி தாள் வாங்குதல், அச்சகக் கடனைத் தீர்த்தல், சந்தாச் சேர்த்தல், முகவரிடமிருந்து பணம் பெறுதல், படிகளைக் கட்டி அஞ்சலில் சேர்த்தல் என அனைத்தையும் உள்ளடக்கியது. கடையில் நின்று பொருள் விற்றறிந்த ஒருவருக்கே இது கூசாமல் செய்யக்கூடிய வேலை. இவ்வகையில் ராமையாவின் முந்தைய தொழில்களை மணிக்கொடியின் புறக்கதையாகக் கருதுவது பொருந்தாது. அவ்வேடு தொடர்ந்து வெளிவந்ததற்கான காரணங்களுள் அவையும் அடங்கும்.

திரையும் மேடையும்: தொடரும் அலைச்சல்

மணிக்கொடியிலிருந்து விலகிய ராமையா திரைப்படத் துறையில் நுழைந்தார். ‘பூலோக ரம்பை’ (1940), ‘மதனகாமராஜன்’ (1941), ‘குபேர குசேலா’ (1943), ‘சாலிவாகனன்’ (1945) முதலிய படங்களின் எழுத்துப் பணியில் அவர் பங்குகொண்டார். ‘தன அமராவதி’ (1947) படத்தை இயக்கினார். 1950களில் எஸ்.வி.சகஸ்ரநாமம் நடத்திய சேவா ஸ்டேஜ் குழுவுக்காக நாடகங்கள் எழுதினார்.

இம்மாற்றத்தை இலக்கியத்திலிருந்து வணிகத்துக்கு இறங்கியதாகக் காணும் போக்கு உண்டு. ஆனால் இது அவர் ஒருவருக்கே உரிய மாற்றமன்று. புதுமைப்பித்தன் ‘தினமணி’, ‘தினசரி’ நாளேடுகளில் உழைத்துப் பின் திரைப்படத் துறைக்குச் சென்று, 1948-இல் காசநோயால் மறைந்தார். மணிக்கொடி எழுத்தாளர் ஒருவர் தம் கதைகளால் மட்டுமே குடும்பம் நடத்தினார் என்று காட்டுவது அரிது. பத்திரிகை, மொழிபெயர்ப்பு, திரை, மேடை, வானொலி ஆகிய துணைத் தொழில்களே அத்தலைமுறையைத் தாங்கின. எனவே உணவகம், துணிக்கடை, சிறை, பத்திரிகை, திரை, மேடை என்பவற்றை ஒரே தொடராகக் கொள்வதே வரலாற்றுக்குப் பொருந்தும். ‘எழுத்தாளர் ஆனபின்’ என்ற கோட்டை இத்தொடரின் நடுவில் வரைவதற்கு ஆதாரம் இல்லை.

நாடகத் தலைப்புகளில் தொழில்

தொழில் அனுபவம் படைப்பில் எவ்வாறு தோன்றுகிறது? உணவகத்தில் பணிபுரிந்தவர் உணவகக் கதை எழுதினாரா என்று தேடுவது எளிய வழி. அதனினும் பயனுடையது, மனிதரை அவர் எவ்வாறு பெயரிட்டு அழைக்கிறார் என்று நோக்குவதாகும்.

ராமையாவின் புகழ்பெற்ற மூன்று நாடகங்கள் ‘தேரோட்டி மகன்’, ‘போலீஸ்காரன் மகள்’, ‘பிரசிடெண்ட் பஞ்சாட்சரம்’ என்பன. மூன்று தலைப்புகளும் மனிதரை அவர்தம் தொழிலாலோ, தந்தையின் தொழிலாலோ, பதவியாலோ அடையாளப்படுத்துகின்றன. ‘தேரோட்டி மகன்’ கர்ணனின் கதை. கர்ணனுக்குக் கொடையாளி, அங்க நாட்டரசன், சூரிய புத்திரன் எனப் பல அடையாளங்கள் மரபில் உள்ளன. அவற்றையெல்லாம் விடுத்து, அவனை வளர்த்தவரின் தொழிலையே தலைப்பாக்கியது தற்செயல் அன்று. வில்வித்தைக் களத்தில் அவன் திறனை அளக்குமுன் அவன் பிறப்பே கேட்கப்பட்டது என்பது பாரதக் கதை. திறமைக்கும் தகுதிச் சான்றுக்கும் இடையிலான அம்முரணை நாடகத்தின் பெயரே முன்வைக்கிறது.

‘போலீஸ்காரன் மகள்’ இதே வினாவைச் சமகாலக் குடும்பத்துக்குக் கொண்டுவருகிறது. தந்தையின் சீருடை மகளின் வாழ்வைத் தீர்மானிக்கலாமா என்பதே அதன் அடிப்படைச் சிக்கல். ஸ்ரீதர் இயக்கத்தில் இது 1962-இல் திரைப்படமாயிற்று. ‘பிரசிடெண்ட் பஞ்சாட்சரம்’ உருசிய எழுத்தாளர் கோகலின் ‘அரசாங்க ஆய்வாளர்’ நாடகத்தைத் தழுவியது. 1959-இல் திரைக்கு வந்தது. முன்னைய இரண்டும் தொழிலால் தாழ்த்தப்படுவோரைப் பேச, இது பதவியால் உயர்த்தப்படுவோரை நகைக்கிறது. பதவி என்பது பிறர் நம்பிக்கையால் நிற்பது. ஆளைத் தவறாக அறிந்துகொண்டால் அது ஒரே நாளில் நகைப்புக்கு இடமாகிவிடும் என்பதே அங்கதத்தின் கரு.

மூன்றையும் சேர்த்துப் படித்தால், ஒருவர் செய்யும் வேலையைக் கொண்டு அவர் மதிப்பை அளக்கும் வழக்கத்தை ராமையா பல கோணங்களில் விசாரித்திருப்பது புலனாகிறது. பந்தியில் பரிமாறியவரும் கடையில் பணிந்து நின்றவரும் அவ்வழக்கத்தை நேரில் அறிந்திருப்பர். அனுபவம் இங்கே கதைப்பொருளாக வராமல் பார்வையாக வந்துள்ளது.

எல்லாப் படைப்புகளுக்கும் இவ்விளக்கத்தை நீட்டுதல் கூடாது. அவருடைய பெயர்பெற்ற சிறுகதையான ‘நட்சத்திரக் குழந்தைகள்’, மனிதர் மெய் பேசும்போதெல்லாம் ஒரு நட்சத்திரம் பிறக்கிறது என்று நம்பும் சிறுமியைப் பற்றியது. நட்சத்திரம் ஒன்று விழக் கண்டு, யாரோ பொய் சொல்லிவிட்டதாக அவள் அழுகிறாள். இதன் அழகுக்கும் ஆசிரியரின் தொழில் வரலாற்றுக்கும் தொடர்பு தேடுவது வலிந்து பொருள்கொள்வதாகவே முடியும்.

ஒப்புநோக்கு

இத்தகைய பாதை தமிழில் ராமையாவோடு நிற்கவில்லை. சிங்கம்புணரியில் 1920-இல் பிறந்த ப.சிங்காரம், இளமையில் சுமத்திராவின் மேடான் நகருக்குச் சென்று கடையில் பணிபுரிந்து, போருக்குப் பின் திரும்பி மதுரையில் ‘தினத்தந்தி’யில் சேர்ந்தார். அவருடைய ‘கடலுக்கு அப்பால்’, ‘புயலிலே ஒரு தோணி’ ஆகிய இரு நாவல்களும் அவ்வாழ்வின் நேரடி விளைவு. ஜெயகாந்தன் (1934-2015) தொடக்கப் பள்ளியோடு படிப்பை விட்டு, சென்னையில் பொதுவுடைமைக் கட்சி அலுவலகத்தில் வளர்ந்து, கட்சி தடைக்குள்ளான காலத்தில் தஞ்சாவூரில் காலணிக் கடையில் பணிபுரிந்தவர். உலக இலக்கியத்தில் காலணிக் கடை, கப்பல் சமையற்கூடம், ரொட்டி அடுமனை எனப் பல இடங்களில் உழைத்த மாக்சிம் கார்க்கி, அவ்வாழ்வைத் தம் பல்கலைக்கழகம் என்றே 1923-இல் வெளிவந்த தன்வரலாற்று நூலுக்குப் பெயரிட்டார்.

வேறுபாடும் உண்டு. கார்க்கியும் சிங்காரமும் தொழில் வாழ்வையே நூற்பொருளாக்கினர். ஜெயகாந்தன் தாம் கண்ட விளிம்புநிலை மாந்தரைக் கதைக்குள் கொண்டுவந்தார். ராமையாவிடம் தொழில் வாழ்வின் பயன் முதலில் ஓர் இதழை நடத்தும் ஆற்றலாகவும் பிறகு நாடகப் பார்வையாகவும் வெளிப்பட்டது. ஒரே வகை இளமை ஒரே வகை எழுத்தைத் தரும் என்ற எளிய சூத்திரம் இதனால் மறுக்கப்படுகிறது.

அவரோடு மிக நெருங்கியது ஊராரான சி.சு.செல்லப்பாவின் வாழ்வு. செல்லப்பா தம் பதிப்பு நூல்களைச் சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாகச் சென்று விற்றார். பொம்மை செய்து விற்றுப் பொருளீட்டியதும் உண்டு. ராமையாவுக்கு விற்பனை எழுத்துக்கு முன்வந்தது. செல்லப்பாவுக்கு அது எழுத்துக்காக வந்தது. அச்செல்லப்பாவே ‘ராமையாவின் சிறுகதைப் பாணி’ என்னும் நூலை எழுதி, ஆசிரியராக மட்டுமே நினைவுகூரப்பட்ட ராமையாவைச் சிறுகதையாளராக நிலைநிறுத்த முயன்றார்.

சான்றுகளின் எல்லை

ராமையா பற்றிய செய்திகளுக்கு முதன்மைச் சான்று, ‘தீபம்’ இதழில் தொடராக வந்து நூலான ‘மணிக்கொடி காலம்’. 1982-ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருதை அது பெற்றது. மறு ஆண்டு மே மாதத்தில் ராமையா மறைந்தார். நிகழ்ச்சிகள் நடந்து நாற்பது ஆண்டுகள் கழிந்தபின், அவற்றில் பங்கேற்ற ஒருவரால் எழுதப்பட்டமையால் அந்நூலை இதழின் மூலப் படிகளோடு ஒப்பிட்டே பயன்படுத்த வேண்டும். மேலும், பெயருக்கேற்ப அது ஓர் இதழின் வரலாறு. இலக்கிய நிகழ்ச்சிகளை நினைவுகூர்வதற்காக எழுதப்பட்ட நூல்களில் உணவகமும் கடையும் சுருங்கிவிடுதல் இயல்பே. அச்சுருக்கத்தையே வாழ்வின் அளவாகக் கொண்டால் ஆய்வு பிழைபடும்.

முடிவுரை

ராமையாவின் வாழ்வு மூன்று முடிபுகளுக்கு இடம்தருகிறது. ஒன்று, இளமைத் தொழில்கள் அவருடைய ஆசிரியப் பணிக்கான பயிற்சியாக அமைந்தன. இரண்டு, கடையிலிருந்து இதழுக்கு அவரைக் கொணர்ந்தது தனித்திறமை மட்டுமன்று. தேசிய இயக்கமும் சிறையும் பத்திரிகைப் போட்டியும் சாதிவழி வாய்ப்பும் அதில் பங்கு வகித்தன. மூன்று, எழுத்தாளரான பின்னும் அவர் தொழில் மாறிக்கொண்டே இருந்தார். அம்மாற்றத்தை வீழ்ச்சி என்று தீர்ப்பளிக்குமுன், அன்று எழுத்து ஒரு குடும்பத்தைக் காத்ததா என்று கேட்கவேண்டும்.

முந்நூறு அளவில் சிறுகதைகள் எழுதியவர் என்று சொல்லப்படும் ராமையா மிகுதியாக எழுதித் தரத்தில் சமநிலை இழந்தார் என்ற விமரிசனத்தையும் இவ்வொளியிலேயே மறுபரிசீலனை செய்தல் தகும். மிகுதியாக எழுதியது தேர்வா, தேவையா என்று பிரித்தறியாமல் தரத்தைப் பற்றி மட்டும் பேசுவது நீதியாகாது. வாழ்க்கை வரலாறு எழுதுவோர் எழுத்தாளரின் ஒவ்வொரு தொழிலையும் காலம், இடம், ஊதியம், உடனிருந்தோர் ஆகிய விவரங்களோடு பதிவு செய்வாராயின், தமிழ்ச் சிறுகதையின் வரலாறு அதனை எழுதியவர்களின் உழைப்பு வரலாறாகவும் அமையும்.